உப்புக்காத்து ஊர்ல எதுக்குக் கூடக் காசு குடுக்கலாம்? எது தண்டம்?

மண்டபத்து மாப்ள

வணக்கம் மக்களே. மூணு வருஷத்துக்கு முன்னாடி கல்யாணம் ஆகி உச்சிப்புளியிலேர்ந்து மண்டபத்துக்கு வந்தேன். வீட்டுக்கும் வடகடலுக்கும் நடுவுல ஒரு தென்னந்தோப்பு, ஒரு ரோடு, அவ்வளவுதான். வீட்டுச் சாமான் பூரா ராமநாதபுரத்துல ஒரே நாள்ல அள்ளிப் போட்டுட்டு வந்தது. கம்மி விலைல முடிச்சுட்டோம்னு அப்ப பெருமை வேற.

பாத்ரூம்ல துண்டு போடுற கம்பி 350 ரூபா. "எஸ்.எஸ்., ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தம்பி, துருவே ஏறாது"ன்னு கடைக்காரர் காந்தத்தை வச்சுக் காட்டித்தான் குடுத்தார். நாலாம் மாசமே டீ சிந்துன மாதிரி புள்ளி புள்ளியா வந்துச்சு. போன வாரம் வீட்டுக்காரம்மா புது வெள்ளைச் சுடிதாரை அதுல போட்டு எடுத்தா நெஞ்சுக்குக் குறுக்க ஒரு பழுப்புக் கோடு. எலுமிச்சம்பழம் தேச்சாச்சு, வினிகர் ஊத்தியாச்சு, போகலை. அன்னைக்கு ராத்திரி ரசத்துல உப்பே இல்லை. வேணும்னேதான்னு நினைக்கிறேன்.

இது போக கேட் கீல் ரெண்டு தடவை மாத்தியாச்சு. குழாய் நாலு போச்சு. மாடிக்கதவுப் பூட்டு ஒண்ணு சாவியோட சேர்ந்தே செத்துப் போச்சு, அறுத்துத்தான் எடுத்தோம்.

நெட்ல தேடினா மெத்தைக்கு யோசிக்காதே, செருப்புக்கு யோசிக்காதே, நல்ல காபித்தூள் வாங்குன்னு எழுதி வச்சிருக்கான். கோயம்புத்தூர்ல உக்காந்து எழுதுறவனுக்கு அது சரி. நம்ம கரைல எதுக்குக் கூடக் குடுத்தா வெளங்கும்? மாசம் 3000 ரூபா இதுக்குன்னு ஒதுக்கலாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம். எதுக்குக் குடுத்து நிம்மதியா இருக்கீங்க, எதுக்குக் குடுத்து ஏமாந்தீங்கன்னு சொல்லுங்க.

பட்டறைக்காரன்

காந்தத்தை வச்சுக் காட்டுனா நம்பிருவியா தம்பி? எஸ்.எஸ்.ல 202-ங்கற ரகத்துலயும் காந்தம் ஒட்டாது, 304-ங்கற ரகத்துலயும் ஒட்டாது. இரும்பா எஸ்.எஸ்.ஸான்னு பாக்கத்தான் காந்தம். எந்த எஸ்.எஸ்.னு அது சொல்லாது.

இருபத்திரெண்டு வருசமா கேட்டும் கிரில்லும் அடிக்கிறேன், பாம்பன்லேர்ந்து தேவிபட்டினம் வரைக்கும். நீ வாங்குனது 202. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைப் போட்டு ஒப்பேத்துன சரக்கு. மதுரைப் பக்கம் அது பத்து வருசம் ஓடும், அதனால 202-ஐத் திட்டவும் கூடாது. 304-ல 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல். நம்ம ஊருக்கு இதுலேர்ந்துதான் கணக்கே ஆரம்பம். கிலோவுக்கு நூறு ரூபாய்க்குப் பக்கத்துல வித்தியாசம் வரும். துண்டுக்கம்பி என்ன ஒரு கிலோவா இருக்கப் போகுது? அங்க போய் மிச்சம் புடிச்சிருக்க.

316-ன்னு ஒண்ணு இருக்கு. அதுல மாலிப்டினம் ரெண்டு மூணு சதம் சேர்ப்பாங்க, போட்டுக்கும் கப்பலுக்கும் போறது. வீட்டுக்குள்ளாற அதைக் கேக்காதே, தண்டம். மாடியில கடலைப் பாத்து நிக்கிற கைப்பிடிக்கு மட்டும் போடலாம்.

நல்ல கடையில ஒரு சொட்டு மருந்து வச்சிருப்பான். கம்பி மேல விட்டு ஒம்பது வோல்ட் பேட்டரியை வச்சா 202 செவந்து காட்டும். அதைப் போடச் சொல்லு. போடமாட்டேன்னா அடுத்த கடை.

குழாய்க்கு மட்டும் நான் மாத்திச் சொல்லுவேன். பளபளன்னு மேல பூச்சு போட்ட மலிவு இரும்புக் குழாய் வேணவே வேணாம். ஒண்ணு கனமான பித்தளை வாங்கு, இல்லாட்டி நல்ல கம்பெனி பிளாஸ்டிக் வாங்கு. பிளாஸ்டிக்னா வீட்டுக்கு வர்றவன் என்ன நினைப்பான்னு கேக்காதே. எங்க வீட்ல பூரா பிளாஸ்டிக்தான், ஏழு வருசமாச்சு.

கேட்டுக்குப் பெயிண்டை நம்பாதே. துத்தநாகத்துல முக்கி எடுத்த ஜிஐ பைப்புல அடிச்சு, அதுக்கு மேல பெயிண்ட். துத்தநாகம் முதல்ல தான் அரிச்சுக்கிட்டு இரும்பைக் காப்பாத்தும். போட்டுக்கு அடியில துத்தநாகக் கட்டி மாட்டியிருப்பான் பாரு, அதே வேலைதான்.

தென்கடல் வல்லம்

அண்ணன் சொல்றது சரி. எங்க போட்டுல அந்தக் கட்டி கரைஞ்சு கருப்பட்டிச் சில்லு மாதிரி ஆயிரும். மாத்த மறந்தா புரொப்பல்லரைத் தின்ன ஆரம்பிச்சுரும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பட்டறைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்பைப் பற்றி ஆராய்வதற்கு மண்டபத்தில்தான் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. உலோகத் தகடுகளை இந்தக் காற்றில் காயப்போட்டு எவ்வளவு அரிக்கிறது என்று எடை பார்ப்பார்கள். ஆய்வகமே தேடி வந்த காற்றில் மாப்பிள்ளை 350 ரூபாய்க் கம்பியைக் காயப்போட்டிருக்கிறார்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம் நூறு வருடத்துக்கு மேல் ரயிலைத் தாங்கியது. சிறு வயதில் நான் பார்த்ததெல்லாம், எப்போது போனாலும் யாராவது ஒருவர் அதில் தொங்கிக்கொண்டு துருவைச் சுரண்டிச் சாயம் பூசிக்கொண்டிருப்பார். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் என்ற பூச்சு என்று முதலிலேயே செலவு செய்துவிட்டார்கள். பொருளுக்குக் கூடக் கொடுக்கலாம், அல்லது பராமரிப்புக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். நான் இரண்டாம் கட்சி. ஞாயிறுதோறும் ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு பழைய வேட்டித் துணி. கதவுக் கொண்டி, சைக்கிள், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். என் சைக்கிளுக்கு வயது முப்பத்தொன்று.

காபித்தூளைப் பற்றிச் சொன்னீர்கள். ஊர்த் தண்ணீரில் போட்டால் எந்தத் தூளும் ஒரே ருசிதான். தள்ளுவண்டியில் வரும் நல்ல தண்ணீர் ஒரு குடம் காபிக்கென்றே தனியாக வாங்குகிறேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

பட்டறைக்காரன்

வாத்தியாரே, உங்களுக்கு ஞாயித்துக்கிழமை இருக்கு. அந்தத் தம்பிக்கும் வேலைக்குப் போற புள்ளைக்கும் அது இல்லை. நல்ல தண்ணி ஒரு வாளி எங்க கெடைக்குதுன்னும் சொல்லுங்க.

கீழக்கரை லாத்தா

நான் சொல்லப்போறதுக்குத் துருவும் இல்லை, எஸ்.எஸ்.ஸும் இல்லை. மீன் வெட்டுற காசு. எல்லாரும் சிரிங்க, சிரிச்சு முடிச்சதும் படிங்க.

எங்க வீட்ல ஒம்பது பேரு. வாரத்துல அஞ்சு நாளு மீனு. கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து பதினெட்டு வருஷம் காலைல பத்து மணிக்கு அரிவாமனையும் சாம்பலுமா கொல்லையில குந்துவேன். சூடையும் நெத்திலியும்னா ஒரு மணி நேரம். கணவாய்னா மை கையில ஏறி அன்னைக்கு முழுக்கப் போகாது. நகரைச் செதிலு தெறிச்சு முக்காடு பூரா ஒட்டிக்கிடக்கும், பள்ளிக்கூடத்துக்குப் புள்ளையக் கூப்பிடப் போனா அங்க டீச்சர் தலையைப் பாத்துச் சிரிப்பாங்க.

மார்க்கெட்டு வாசல்ல நாலு அக்காமார் உக்காந்து வெட்டிக் குடுப்பாங்க. கிலோவுக்கு 40 ரூபா, பொடி மீனுன்னா கூடக் கேப்பாங்க. மாமிகிட்ட கேட்டப்ப, "கை இருக்கறவளுக்கு ஏன் கூலிக்கு ஆளு"ன்னாங்க. அதுக்கு மேல பேச முடியுமா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெருவெரல்ல முள்ளு குத்திச் சீழ் வச்சு ஆசுபத்திரிக்கு ஆயிரத்து எட்டுநூறு அழுதப்பதான் அதுவரைக்கும் சபூரா, பொறுமையா இருந்த எங்க வீட்டுக்காரவுக வாயைத் தொறந்தாக. "இனி வெளியில வெட்டிட்டு வாங்க"ன்னாக.

மாசத்துக்கு எண்ணூறுலேர்ந்து ஆயிரம் ஆகுது. எனக்குக் கெடைச்சது காலைல ஒரு மணி நேரம். அந்த நேரத்துலதான் தொதல் கிண்டி விக்கிறேன் இப்ப. தேங்காப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் வச்சு மணிக்கணக்கா கிண்டணும், இடையில எந்திரிக்க முடியாது. மீன் வெட்டிக்கிட்டு அது நடக்குமா?

இன்னொண்ணு. அந்த அக்காவுக்கு கண்ணு நல்லாத் தெரியும். "இது நேத்து மீனு லாத்தா, குழம்புக்கு வேணாம், பொரிச்சுருங்க"ன்னு சொல்லிக் குடுக்கும். வித்தவன் சொல்லுவானா அதை?

மண்டபத்து மாப்ள

லாத்தா, உங்க பதிவை வீட்ல சத்தமா வாசிச்சுக் காட்டினேன். பதில் ஒண்ணும் வரலை. அரிவாமனையைத் தூக்கி என் முன்னாடி வச்சுட்டுப் போயிட்டா.

தென்கடல் வல்லம்

வெட்டுற காசு இருக்கட்டும். மீனுக்கே காசைக் கண்ட எடத்துல விடுறீங்களே, அதைப் பேசுவோம்.

விருந்தாளி வந்தா வஞ்சிரம். கிலோ ஆயிரத்தைத் தாண்டுனாலும் வஞ்சிரம். ஐசுல எத்தனை நாளு கெடந்ததுன்னு கேக்குறதில்லை. அதே நாளு காலைல கரைவலையில ஏறுன சாளை பக்கத்துலயே குமிச்சுக் கெடக்கும், கிலோ நூத்தி அம்பதுக்கு ஆளில்லை. ருசிக்குன்னு காசு குடுக்கிறதா இருந்தா இனத்துக்குக் குடுக்காதீங்க, நேரத்துக்குக் குடுங்க. இன்னைக்கு ஏறுன மீனுக்கு அம்பது ரூபா கூடக் கேட்டாலும் பேரம் பேசாம வாங்குங்க. செவுளைத் தூக்கிப் பாருங்க, ரத்தச் செவப்பா இருக்கணும். கண்ணு முன்னால துருத்திக்கிட்டு நிக்கணும், குழி விழுந்திருக்கக் கூடாது. வெரலை வச்சு அமுக்குனா பள்ளம் எந்திரிக்கணும்.

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வாரத்துல மூணு நாளு, மிச்ச நாளு நாட்டுப்படகு. எந்த நாளு யாரு போறான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கப் போனா பாதி வேலை முடிஞ்சுது. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம். அப்ப விசைப்படகு போகாது, நாங்க வல்லத்துல போவோம். அந்த மாசத்துல நாட்டுப்படகு மீனுக்கு ரெட்டை விலை. குடுக்க முடிஞ்சா குடுங்க, முடியாட்டி கருவாடும், சூரையை அவிச்சுக் காயவச்ச மாசியும் இருக்கு. வெளியூர்லேர்ந்து லாரியில ஐஸ் பெட்டியில வர்றதை அதே விலைக்கு வாங்காதீங்க, அதான் தண்டம்.

வளைகுடா வாசி

அல் ஐன்ல பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக். இப்ப ஊருக்கு வந்து பெரியபட்டினத்துல இருக்கேன். மாப்ள, நீ ஏசி வாங்குனா இதைப் பாரு.

வெளியில வைக்கிற யூனிட்ல செம்புக் குழாய், அதுக்குக் குறுக்க அலுமினியத் தகடு. ரெண்டு வேற வேற உலோகம் ஒட்டிக்கிட்டு இருக்கிற எடத்துல உப்பு ஈரம் பட்டா அலுமினியம் தின்னு போகும். தகடு பொடி பொடியா உதிரும், வெள்ளைச் சாம்பலாட்டம். உதிர்ந்துட்டா கேஸ் இருந்தும் குளிராது, கரண்டு மட்டும் இழுக்கும். அதனால தகட்டுல பூச்சு போட்ட மாடல் வாங்கு, ரெண்டாயிரம் மூவாயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை. யூனிட்டைக் கடலைப் பாத்த சுவத்துல மாட்டாதே. பின் பக்கம் மாட்டு, பைப் ரெண்டு மீட்டர் கூடத்தான் ஆகும், அந்தக் காசுக்கு அழாதே. மாசம் ஒரு தடவை கரண்டை அணைச்சுட்டு நல்ல தண்ணியை மெதுவா ஊத்திக் கழுவு. பிரஷர் பம்பு வச்சு அடிக்காதே, தகடு மடங்கிரும்.

கடையில "கோல்டு", "டைட்டானியம்"னு ஸ்டிக்கர் ஒட்டி மேல அஞ்சாயிரம் கேப்பான். எந்தப் பூச்சு, எத்தனை வருஷம்னு எழுதிக் குடுக்குறீங்கன்னு கேளு. எழுதிக் குடுக்கலைன்னா அது ஸ்டிக்கர் விலைதான்.

பட்டறைக்காரன்

ஏசியே தண்டம்னு நான் சொல்லுவேன். ஆறு மாசம் கச்சான் காத்து வீசுற ஊர்ல எதுக்கு ஏசி.

வளைகுடா வாசி

அண்ணே நீங்க பட்டறையில வெந்த ஒடம்பு. புழுக்கத்துல ராத்திரி மூணு மணிக்குப் புள்ளை எந்திரிச்சு அழுவுற வீட்ல வந்து சொல்லிப் பாருங்க.

சரி, ஏசி வேணாங்கறவங்களுக்கு ஃபேன். சாதா ஃபேன் 75 வாட்டு, பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கத்துல. நம்ம ஊர்ல ஒரு ஃபேன் நாளைக்கு 16 மணி நேரம் ஓடும்னு வைங்க, ரெண்டு மாச பில்லுல ஒரு ஃபேனுக்கு 43 யூனிட்டு மிச்சம். மூணு ஃபேன்னா 130. ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டுனா கீழ்ப்படிக் கட்டணமும் சேர்ந்து ஏறுது இல்லையா, அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற வீட்டுக்கு இது பெரிய காசு. ஆனா ஒண்ணு, அதுக்குள்ள சர்க்யூட் போர்டு இருக்கு. எங்க அத்தா வீட்ல ரெண்டு ஃபேன் மூணாம் வருஷம் போர்டு போச்சு, உப்புப் பூத்து. கேரண்டி அஞ்சு வருஷம் இருக்கிறதா வாங்குங்க. பில்லைத் தொலைக்காதீங்க.

தொண்டிக் கொழுந்தன்

பூட்டுக்கு ஒண்ணு சொல்றேன். திண்டுக்கல் பித்தளைப் பூட்டு. 600 ரூபா சொன்னான், கண்ணை மூடிக்கிட்டு வாங்குனேன், பத்து வருஷமாச்சு. வருஷத்துக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில், தேங்காயெண்ணெய் இல்லை. தேங்காயெண்ணெய் விட்டா பிசினாட்டம் புடிச்சுக்கும்.

ஏமாந்தது, கியர் சைக்கிள். பையன் கேட்டான்னு 14,000. ஒரே மழைக்காலம். செயின், பல்சக்கரம், கேபிள் எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. இப்ப முருங்கைக்காய் பறிக்க ஏறி நிக்கத்தான் உதவுது.

பாசிக்காரி மகள்

எல்லாரும் வீட்டுச் சாமானைப் பேசுறீங்க. நான் வேற ஒண்ணு சொல்றேன்.

எங்க அம்மா முப்பது வருஷமா பாசிக்குப் போறாங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்ல வல்லத்துல போய் இறங்கி, முங்கி, பாறையிலேர்ந்து பாசியை அறுத்து இடுப்புப் பையில போடணும். விரல்ல பழைய சேலைத்துணியைக் கிழிச்சுச் சுத்திக்குவாங்க. காலுக்கு ரப்பர் செருப்பு. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. சந்தையில அறுபது ரூபாய்க்கு விக்கிற கண்ணாடி, ஓரத்துல தண்ணி கசியும். மேல வந்து தண்ணியைக் கொட்டிட்டுத் திரும்ப முங்கணும். ஒரு நாளைக்கு அது எத்தனை தடவைன்னு அம்மாவுக்கே கணக்குத் தெரியாது. கண்ணு எப்பவும் சிவந்துதான் இருக்கும், பள்ளிக்கூடத்துல என் ஃபிரெண்டு ஒருத்தி "உங்க அம்மா குடிப்பாங்களா"ன்னு கேட்டிருக்கா.

எனக்கு முதல் சம்பளம் வந்ததும் 1,900 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கினேன். சிலிக்கான் ஓரம், கெட்டிக் கண்ணாடி, மூக்கையும் சேர்த்து மூடுறது. அம்மா வாங்கிப் பாத்துட்டுத் துணியில சுத்தி டிரங்குப் பெட்டியில வச்சுட்டாங்க. கடல்ல விழுந்துட்டா 1,900 போயிருமேன்னு. எட்டு மாசம் பெட்டியிலேயே கிடந்துச்சு. பழைய அறுபது ரூபா கண்ணாடியோடயே போனாங்க.

கடைசியில நான் ஒரு வேலை செஞ்சேன். கண்ணாடி வாரோட ஒரு நைலான் கயிறைச் சேர்த்துக் கட்டி, அதைக் கழுத்துல மாட்டுற மாதிரி பண்ணிக் குடுத்தேன். கூடவே ஒரு தெர்மாகோல் துண்டையும் வச்சுத் தச்சேன், விழுந்தா மிதக்கட்டும்னு. அதுக்கப்புறம்தான் போட்டுக்கிட்டுப் போனாங்க. வந்து சொன்னது ஒரே வார்த்தை, "முள்ளு தெரியுதுடி". கடல் முள்ளெலி மேல கை வைக்காம எடுக்க முடியுதுன்னு அர்த்தம்.

கீழக்கரை லாத்தா

மகளே, உம்மாவுக்கு என் சலாம் சொல்லு.

கடன்காரன்

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 304, 316, ஏசியில பூச்சுன்னு பேசுறதெல்லாம் மாசச் சம்பளக்காரன் பேச்சு. எனக்குத் தினக்கூலி. நல்ல செருப்பு 900-ன்னு எனக்கும் தெரியும். ஒரே நாள்ல 900 கையில நிக்காது, அதான் 150 ரூபா செருப்பை வருஷத்துக்கு ஆறு தடவை வாங்குறேன். வாரத் தவணைக்காரன்கிட்ட வாங்கினா நல்ல பொருளும் கெட்ட பொருள் விலைக்கு மேல போயிருது. இதுக்கு வழி இருந்தா சொல்லுங்க.

பாசிக்காரி மகள்

அண்ணே, எங்க தெருவுல மகளிர் குழுவுல பத்துப் பேரும் மாசம் 100 ரூபா தனியா எடுத்து வச்சு, சுழற்சி முறையில ஒருத்தருக்குக் குடுக்குறோம். வட்டி கிடையாது. ஒரே நிபந்தனை, அந்த 1,000-ல பொருளாத்தான் வாங்கணும், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டணும். அண்ணியைக் குழுவுல சேரச் சொல்லுங்க. எங்க முதல் சுத்துல மூணு பேரு செருப்புதான் வாங்கினாங்க.

கடன்காரன்

கொண்டுவந்து காட்டணுங்கறது நல்லாருக்கு. கேட்டுப் பாக்குறேன்.

சாயல்குடிப் பனை

சாப்பாட்டுச் சாமான்ல மூணே மூணுதான் சொல்வேன். கருப்பட்டி, மிளகாய், எண்ணெய்.

கருப்பட்டிக்குக் கூடக் குடுக்கலாம், ஆனா கூடக் குடுத்தா மட்டும் நல்லது வந்துராது. எங்க வீட்ல பனை ஏறி, கலயத்துல சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கிக் காய்ச்சுறவுக. ஒரு கருப்பட்டிக்கு எவ்வளவு பதநீர், எவ்வளவு விறகு போகுதுன்னு பாத்தவன் கிலோ 150-க்குத் தர்றேன்னு சொல்றவனை நம்பமாட்டான். அதுல பாதி சீனி. உடைச்சுப் பாருங்க, உள்ள சீனி மணி மினுக்குனா வேணாம். தண்ணியில போட்டா நல்லது மெதுவாத்தான் கரையும். பருவத்துல, பங்குனி சித்திரை வாக்குல, காய்ச்சுற எடத்துக்கே வந்து வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிக்கிட்டுப் போங்க. கடையில பட்டுப்பெட்டியில வச்சு விக்கிறதுக்குக் குடுக்குற காசு பெட்டிக்குத்தான். ஓலைக் கொட்டான்ல வாங்குனா கொட்டானாவது மிஞ்சும்.

மிளகாய் நம்ம ராமநாதபுரம் முண்டு. 2023-ல புவிசார் குறியீடு கெடைச்சது. கெடைச்சதுலேர்ந்து பாக்கெட்டுல பேரை அச்சடிச்சு எவன் எவனோ விக்கிறான். முழு மிளகாயா வாங்கிக் காய வச்சு அரைச்சுக்கங்க. பொடியா வாங்குனா அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். கிலோவுக்கு 60, 70 கூட ஆகும். வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு அஞ்சாறு கிலோ, அம்புட்டுதான்.

எண்ணெய் செக்குல ஆட்டினது, எதுக்க நின்னு ஆட்டி வாங்குனா மட்டும். "செக்கு"ன்னு எழுதுன பாட்டிலுக்கு இல்லை.

தொண்டிக் கொழுந்தன்

தண்ணி மிஷின் பத்தி யாருமே சொல்லலையே. 18,000-க்கு ஆர்.ஓ. வாங்கலாமா?

வளைகுடா வாசி

முதல்ல 200 ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்க, தண்ணியில உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு அது காட்டும். குடிதண்ணியில 500-க்குள்ள இருக்கணும், வேற வழியில்லாத எடத்துல 2000 வரைக்கும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. உங்க வீட்டுக்குக் காவிரித் தண்ணி வருதுன்னா அளந்து பாருங்க, பெரும்பாலும் ஆர்.ஓ. தேவையே படாது, கிருமிக்கு மட்டும் வழி பண்ணா போதும். போர் தண்ணி 3000, 4000-ன்னு காட்டுச்சுன்னா மிஷின் உள்ள இருக்குற சவ்வு சீக்கிரம் அடைச்சுரும். ஒரு குடம் நல்லதுக்கு ரெண்டு மூணு குடம் கழிவாப் போகும். தண்ணிக்குத் தள்ளுவண்டியை எதிர்பாத்து நிக்கிற ஊர்ல அதைச் சாக்கடையில விடவும் மனசு வராது, பாத்திரம் கழுவுனா பாத்திரத்துல வெள்ளை படியும். எங்க வீட்ல கேன் தண்ணிதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வயதானவர்களோடு சென்னைக்குப் போகிறவர்கள் ஸ்லீப்பருக்குப் பதில் மூன்றாம் வகுப்பு ஏசிக்குக் கூடக் கொடுங்கள். அதில் நான் பேரம் பார்ப்பதில்லை. குளிர்ச்சிக்காக அல்ல, கழிப்பறைக்குப் போகும் வழியில் ஆள் படுத்திருக்க மாட்டார்கள் என்பதற்காக. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திய பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்காரர்கள் பாலம் தாண்டி மண்டபம் வரைக்கும் மூட்டையோடு வந்துதான் ஏறினார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்த காசை அப்போது யாரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை.

மண்டபத்து மாப்ள

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றி. செஞ்சதைச் சொல்லிடறேன்.

துண்டுக்கம்பி 304. பட்டறைக்காரண்ணன் சொன்ன சொட்டு மருந்தைக் கேட்டேன். முதல் கடைக்காரர் முறைச்சார், ரெண்டாவது கடையில போட்டுக் காட்டுனாங்க. 780 ரூபா. குழாய் மூணும் பிளாஸ்டிக். மாடிக்குப் பித்தளைப் பூட்டு. ஏசி இந்த வருஷம் இல்லை, ஃபேன் ஒண்ணு மட்டும், அஞ்சு வருஷக் கேரண்டி, பில்லை போட்டோ எடுத்து வச்சாச்சு.

மீன் வெட்டுற விஷயம்தான் எதிர்பாக்காதது. அரிவாமனையை என் முன்னாடி வச்சாள்னு எழுதினேன்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை நானே உக்காந்து ஒரு கிலோ சூடை வெட்டினேன். ஒண்ணே கால் மணி நேரம். ரெண்டு விரல்ல வெட்டு. குழம்புல செதில் மிதந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே, மாசம் 600 ரூபா வெட்டுக்கூலின்னு நானே காலண்டர்ல எழுதிட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. வீட்ல இப்ப பச்சப்புள்ள வரப்போகுது, அதனால மாமனார் ஒரு கீசர் வாங்கிக் குடுத்தார். நம்ம ஊர்ல கீசரான்னு சிரிக்காதீங்க. அதுக்குள்ள ஏதோ கம்பி இருக்கு, உப்புத்தண்ணிக்குச் சீக்கிரம் கரைஞ்சுரும்னு மாட்ட வந்த பையன் சொன்னான். நிஜமா, இல்லை காசு பிடுங்குறானா?

கீழக்கரை லாத்தா

மாஷா அல்லாஹ்! அதை முதல் வரியில எழுதாம கடைசியில எழுதுற ஆளை நான் பாத்ததே இல்லை. தொதல் ஒரு கிலோ அனுப்புறேன், எந்த பஸ்ஸுல குடுத்துவிடணும்னு சொல்லுங்க. அவளுக்கு இப்ப மீன் வாடையே ஆகாது. வெட்டுன மீனையும் வெளியிலேயே கழுவிட்டு உள்ள கொண்டு போங்க.

பட்டறைக்காரன்

பையன் நிஜந்தான் சொல்லிருக்கான். மெக்னீசியக் கம்பி. போட்டுல துத்தநாகக் கட்டின்னு சொன்னேன்ல, அதே சமாச்சாரம், டாங்கிக்குப் பதிலா அது கரையும். போர் தண்ணின்னா வருசத்துக்கு ஒருக்கா கழட்டிப் பாக்கணும். பென்சில் அளவுக்கு மெலிஞ்சிருந்தா மாத்திரு. சும்மா விட்டா டாங்கி ஓட்டையாகும்.

கம்பி மட்டும் வாங்க கம்பெனிக்காரனைக் கூப்பிடாதே, வந்து போற கூலியே கம்பியை விடக் கூட. மாடல் நம்பரை எழுதிக்கிட்டு வா, மரை அளவு பாத்துச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை வராதே, பட்டறை லீவு.